கொக்கியின் உயரம்

ரப்பர் விலை தரைக்கு வந்த வருடத்தில் எங்கள் பெரிய துரைக்கு ஒரு தோட்டம் இரண்டு தோட்டமாகிவிட்டது. கேட்பதற்குப் பதவி உயர்வு போலத் தோன்றும். உண்மையில் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த துரையைச் சீமைக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலையையும் ரெங்கத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்துத் துரையின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் வேலை போகும் என்பது அப்போதுதான் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்குப் போவது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மாதத்துக்கு ஒரு முறையாவது மூட்டைகளும் பிள்ளைகளுமாக ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து ரயிலில் சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கப்பல். லயத்தில் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டே வந்தன. எனக்கு எட்டு வயது. பூட்டிய வீடுகளின் வாசலில் விளையாட நிறைய இடம் கிடைத்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

துரை வாரத்தில் மூன்று நாள் பெக்கோக் தோட்டத்தில் தங்கவேண்டியிருந்தது. அங்கே பங்களாக் கூரையைக் கறையான் தின்றிருந்தது. படுத்தால் மேலே மழை பெய்யும். அதனால் ஒரு நாள் சீமைப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த படத்தோடு அவர் அப்பாவின் பட்டறைக்கு வந்தார். படத்தில் ஒரு கார் தன் பின்னால் ஒரு சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஜன்னல் இருந்தது, ஜன்னலில் பூப்போட்ட திரை இருந்தது, இரண்டே இரண்டு சக்கரங்கள் இருந்தன. "இது போலே ஒண்ணு செய்," என்றார் துரை. துரைகள் தமிழ் படித்துப் பரீட்சை எழுதித்தான் வேலையில் நிலைப்பார்கள். ஆனால் அந்தப் பரீட்சையில் "செய்யுங்கள்" என்ற சொல்லை யாரும் கேட்பதில்லை போலும்.

அப்பா தோட்டத்து ஃபிட்டர். ரப்பர் ஷீட் அமுக்கும் இயந்திரங்கள், ஆலையின் எண்ணெய் எஞ்சின், லாரி, பிள்ளைக்கொட்டகைத் தொட்டில் சங்கிலி என்று இரும்பாக இருக்கும் எதுவும் உடைந்தால் அவரிடம்தான் வரும். அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் ஆலையும் இரண்டு நாள் படுக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, துரையின் கார் டிரைவர். மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அத்தைக்கு அப்போது ஏழாம் மாதம். மாமா காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, தலையில் எண்ணெய் மினுமினுக்கப் போவார். லயத்துப் பிள்ளைகள் முன்னால் காரை மெதுவாக்கி ஒரு முறை ஹாரனை அமுக்குவார். அந்தச் சத்தம் எனக்காகத்தான் என்று நான் மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

வீடு மூன்று வாரத்தில் எழுந்தது. பலகை வேலையெல்லாம் ரெங்கத்திலிருந்து வந்த சீனத் தச்சர். அடியில் பழைய லாரியின் அச்சும் சக்கரங்களும். மேலே கித்தான் கூரை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், பின்பக்கம் கதவு. முன்னால் மாட்டுவண்டியின் ஏர்க்கால் போல ஒரு நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு வளையம். காரின் பின்புறத்தில் அப்பா கனத்த இரும்புப் பட்டை ஒன்றை நெட்டுக்குத்தாகப் பொருத்தி, அதில் மேலும் கீழுமாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். கொக்கியை எந்த ஓட்டையில் முடுக்குகிறோமோ அந்த உயரத்தில் அது நிற்கும். வீட்டின் வளையத்தைக் கொக்கியில் மாட்டி, கொக்கியின் வாயை ஒரு தகட்டு நாக்கால் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான், கார் நடந்தால் வீடு நடக்கும்.

எந்த ஓட்டை என்பதில்தான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு முற்றியது.

அப்பாவிடம் மட்டக்கோல் இருந்தது. இருந்தாலும் அவர் நம்பியது ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சுத் தட்டை. அதில் விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி, வீட்டின் தரைப்பலகை நடுவில் வைத்து, என்னை உள்ளே ஏற்றி உட்காரவைத்தார். பெரியவர் ஏறினால் கனம் மாறிவிடுமாம்.

"எந்தப் பக்கம் வழியுது பாப்பா?"

கீழ் ஓட்டையில் தண்ணீர் முன்பக்கம் வழிந்தது. மேல் ஓட்டையில் பின்பக்கம் வழிந்தது. நடு ஓட்டையில் முன்பக்க விளிம்பைத் தொட்டு நின்றதே தவிர வழியவில்லை. நான் அதைச் சொன்னபோது அப்பா வெளியிலிருந்தே சிரித்தது எனக்குக் கேட்டது. தோட்டத்திலேயே முக்கியமான ஆள் நான்தான் என்று அந்த நிமிஷம் முடிவு செய்துகொண்டேன்.

"நடு ஓட்டைதான். மூக்கு ஒரு விரக்கட தாந்திருக்கணும், அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது," என்றார் அப்பா.

மாமாவுக்குத் திருப்தியில்லை. "மச்சான், பாலத்து மேட்டுல ஏறி எறங்கறப்ப ஏர்க்கால் தரையில இடிக்கும். மேல ஒரு ஓட்டை தூக்கிப் போடுங்க. பாக்கவும் நிமிந்து எடுப்பா நிக்கும்."

"எடுப்பா நின்னு என்னா செய்யறது மாப்ள? மூக்கு தூக்குனா பாரம் பின்னுக்குப் போயிரும். பின்னுக்குப் போனா வால் ஆடும். எறக்கத்துல வால் ஆட ஆரம்பிச்சிட்டா, காடிய ஓட்டறது நீ இல்ல, அதுதான்."

தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் புரியாவிட்டாலும் கொக்கியைச் சுட்டும் விரல்கள் புரிந்திருக்க வேண்டும். மேல் ஓட்டையைத் தொட்டு, "தா போலே லா," என்று தலையை ஆட்டினார். கூடாது என்று மூன்றாவது ஆளும் சொன்ன பிறகு மாமா தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போகும்போது அப்பா பின்னாலிருந்து கத்திச் சொன்னார்: "சாமான் ஏத்துன பொறவு மறுபடி மட்டம் பாக்கணும். என்னைக் கூப்புடாம எடுத்துறாத!"

துரையின் சாமான்கள் ஏறிய நாள் காலையில் ஆலையில் எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது. அப்பா விடிந்ததிலிருந்து அங்கேயே கிடந்தார். வாத்தியாருக்குக் காய்ச்சல் என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. நான் பங்களா வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். துரை மத்தியானம் ரயிலில் பெக்கோக் போய்ச் சேர்வதாகவும், அதற்குள் மாமா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, கட்டிலை விரித்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவைத்திருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. மடக்குக் கட்டில், மெத்தை, துத்தநாகக் குளியல் தொட்டி, இரண்டு டின் குடிதண்ணீர், பீங்கான் தட்டுகள் வைத்த மரப்பெட்டி, டப்பா உணவு நிறைந்த ஓர் இரும்புப் பெட்டி. அந்த இரும்புப் பெட்டியை நான்கு பேர் தூக்கி முன்பக்கமாக வைத்தார்கள். காரின் பின்புறம் அப்படியே அமுங்கியது. மாமா வண்டியை நகர்த்தினார். பங்களாக் கேட்டின் சின்ன மேட்டிலேயே ஏர்க்கால் 'கிறீச்' என்று கல்லில் இழுத்தது.

பங்களா மாடியில் துரை எட்டிப் பார்த்தார். மாமாவின் கழுத்து சிவந்தது.

வளைவு தாண்டி, பங்களாவின் கண்ணிலிருந்து மறைந்ததும் மாமா காரை நிறுத்தினார். நான் பின்னாலேயே ஓடி வந்திருந்தேன். அவர் இறங்கி, இரும்புப் பெட்டியைத் தனி ஆளாக முட்டித் தள்ளிப் பின்பக்கக் கதவோரம் கொண்டுபோனார். பிறகு ஸ்பானரை எடுத்துக் கொக்கியைக் கழற்றி மேல் ஓட்டையில் முடுக்கினார். இதையெல்லாம் நான் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். அவர் மறைக்கவும் இல்லை. நான் எட்டு வயசுப் பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

ஆனால் எனக்கு என் உத்தியோகம் இருந்தது. மரப்பெட்டியிலிருந்து துரையின் தட்டு ஒன்றை எடுத்து, டின்னிலிருந்து தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தேன். தண்ணீர் பின்பக்கமாக வழிந்து பலகை இடுக்கில் போயிற்று.

"மாமா, தண்ணி பின்னால ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். காடி நகந்தா எல்லாம் சரியாயிரும்."

"அப்பாகிட்ட சொல்லிட்டு வரட்டா?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரிப்பை யாராலும் தட்ட முடியாது. "உள்ள ஒக்காந்து வர்றியா? சந்தி வரைக்கும். அங்க எறக்கி வுடறேன், குறுக்குப் பாதையில நடந்து வூட்டுக்குப் போயிரு. தொரை வூட்டு ஜன்னல்ல நீதான் மொதல்ல எட்டிப் பாத்தேன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

அப்பாவும் தட்டும் தண்ணீரும் என் நினைவிலிருந்து அந்த க்ஷணமே போய்விட்டன.

மெத்தையில் உட்கார்ந்தேன். திரையை விலக்கினேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. ரப்பர் பால் எடுத்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் வாளியோடு நின்று வாயைப் பிளந்தார்கள். நான் அவர்களுக்குத் துரைசானி போலக் கையை ஆட்டினேன்.

பாலத்துக்குப் போகும் இறக்கத்தில் தொடங்கியது. முதலில் ஊஞ்சல் போல மெதுவாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு வீடு இடது பக்கம் போய், அதே வேகத்தில் வலது பக்கம் வந்தது. அடுத்த ஆட்டம் இன்னும் பெரியது. ஜன்னலில் மரங்கள் பின்னால் போவதை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தன. தட்டுப் பெட்டி கவிழ்ந்தது. குளியல் தொட்டி சுவரில் மோதி அலறியது. மாமா ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். அது எனக்காக அமுக்கிய ஹாரன் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. முன்பக்கம் என்னவோ 'டணார்' என்று தெறித்தது. அதன் பிறகு காரின் இரைச்சல் தனியாகத் தூரப் போனது. தரைப்பலகை என் காலடியில் நிமிர்ந்தது. முன் சுவர் மேலே எழுந்தது. எதையும் பிடிக்க நேரமில்லை. உலகம் ஒரு முறை புரண்டது.

அதன் பின் இருட்டு. மெத்தை என்மேல் கிடந்தது. வாயில் ரத்தமும் பஞ்சும். வெளியே யாரோ பலகையை நகத்தால் பிறாண்டுவது போலச் சத்தம். "அக்கா! அக்கா! அக்கா!" என்று ஒரு குரல் கதறியது. அது மாமாவின் குரல். என்னைக் கூப்பிடவில்லை, என் அம்மாவைக் கூப்பிட்டார். மெத்தையை விலக்கி என்னை வெளியே இழுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வயதில் நான் பார்த்த எல்லாவற்றிலும் பயங்கரமானது அந்த முகம்தான். பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டு வண்டி வாய்க்காலில் மல்லாந்து கிடந்தது. ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மரத்தூருக்கு மரத்தூர் பீங்கான் சில்லுகள். டப்பாப் பெட்டி கதவைப் பிய்த்துக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் விழுந்திருந்தது. என் மோவாயில் ஒரு வெட்டு, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். துரையின் மெத்தை இல்லையென்றால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

அப்பா ஆலையிலிருந்து ஓடி வந்தார். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. என் தலையை, தோளை, கால்களை அமுக்கிப் பார்த்தார். தலைத்துண்டைச் சுருட்டி என் மோவாயில் வைத்து, "அமுக்கிப் புடிச்சுக்க," என்றார். பிறகு நேராக, முன்னால் தள்ளி நின்றிருந்த காரின் பின்பக்கம் போனார். கொக்கி மேல் ஓட்டையில் இருந்தது. அதன் தகட்டு நாக்கு பிய்ந்து தொங்கியது. அப்பா கொக்கியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"மச்சான், நான் வந்து..."

"வாய மூடு. தொரை வர்றாரு."

உண்மையிலேயே துரை வந்துகொண்டிருந்தார். ஆபீஸ் குமாஸ்தா கிராணியும் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். அப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நீ வூட்டுக்குப் போ. நீ இதுக்குள்ள ஏறவே இல்ல. வெளங்குதா? ஏறவே இல்ல."

நான் தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. நாலு மரம் தள்ளி ஒரு மரத்தின் பின்னால் நின்றேன்.

துரை வண்டியைச் சுற்றி வந்தார். சில்லுகளைப் பூட்ஸால் தள்ளிப் பார்த்தார். கொக்கியிடம் வந்ததும் நின்றார். அவரும் இயந்திரம் தெரிந்தவர். மட்டம் பார்த்த நாளில் வந்து நடு ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவர்.

"யார் இந்தக் கொக்கி மேலே போட்டான்?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நான்தாங்க தொரை. சாமான் ஏத்துன பொறவு மட்டம் தப்பிப் போச்சுன்னு நெனச்சு, நான்தான் மாத்திப் போட்டேன். என் தப்புத்தாங்க."

என் காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா காலையிலிருந்து ஆலையை விட்டு நகரவே இல்லையே! மாமா ஏன் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்க்கிறார்?

துரை கத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழ் வசவு முழுவதும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோய், பிறகு அவர் மொழியில் கத்தினார். அப்பா தலைகுனிந்து நின்றார். கடைசியில் துரைக்கு மூச்சு வாங்கியது. வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வாரம். எல்லாம் சரி பண்ணு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். உண்மையில் முடிந்தேவிட்டது. மாமா மூச்சை விட்டதைக்கூட நான் பார்த்தேன்.

ஆனால் கிராணி இருந்தாரே. துரை திட்டிய இடத்தில் தானும் ஒரு சொல் சேர்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அப்பாவைத் தாண்டிப் போகும்போது துரைக்குக் கேட்கும்படி சொன்னார்: "மட்டம் பாக்கத் தெரியாதவனையெல்லாம் ஃபிட்டருன்னு வச்சிருந்தா இப்படித்தான்."

அப்பாவுக்கு மட்டம் தெரியாதாம்! என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

"எங்கப்பாவுக்கு மட்டம் தெரியும்! அப்பா நடு ஓட்டையிலதான் போட்டாங்க. மாமாதான் மேல மாத்துனாங்க. பொட்டிய பின்னால தள்ளுனதும் மாமாதான். நான் தண்ணி வச்சுப் பாத்தேன், தண்ணி பின்னால ஓடிச்சு, மாமாகிட்ட சொன்னேன். நான் உள்ளதான் இருந்தேன்!"

ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்பாவுக்கு நான் கட்டும் மாலை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

துரை திரும்பி வந்து என் முன்னால் மண்டியிட்டார். ஒரு வெள்ளைக்காரர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்த துண்டை விலக்கி வெட்டைப் பார்த்தார்.

"நீ உள்ளே? ஓடும்போது உள்ளே?"

பெருமையோடு தலையாட்டினேன்.

துரை எழுந்தார். இப்போது அவர் கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் நடுங்கவைத்தது. மாமாவிடம் கேட்டார்: "பிள்ளையை உள்ளே வச்சா ஓட்டினே?"

மாமா ஆமென்று தலையை அசைத்தார்.

"நாளைக்குக் காலையிலே நீ இந்தத் தோட்டத்திலே இருக்கக் கூடாது."

"தொரை," என்று அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். "அவன் சம்சாரம் மாசமா இருக்குதுங்க. ஏழு மாசம். இந்த நேரத்துல எங்க போவான்? தொரை மனசு வைக்கணும்."

"இந்தப் பிள்ளை செத்திருக்கும்," என்றார் துரை. அவர் சொன்னது உண்மை. துரைக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தபின் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

துரையும் கிராணியும் கண்மறையும் வரை அப்பா அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். தூக்கிக்கொள்ளப்போகிறார் என்று நினைத்து நான் கைகளை நீட்டினேன். அப்பா என்னை அறைந்தார். காயமில்லாத பக்கக் கன்னத்தில். என் வாழ்நாளில் அப்பா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். வலித்ததா என்று இப்போது ஞாபகமில்லை. நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றது ஞாபகமிருக்கிறது.

அப்பா போய் வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அம்மா என் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அப்பா வந்ததும் அவர்கள் அடுப்படியில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"எம்புள்ளைய சாகக் குடுத்திருப்பான். அவனுக்காகவா நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க?" என்றாள் அம்மா. சொல்லும்போதே அழுதாள். தம்பிமேல் கோபமா, தம்பிக்காக அழுகையா என்று பிரிக்க முடியாத அழுகை.

"என்னைய திட்டுவாங்க. வேற என்னா செஞ்சிற முடியும்? ஆலை ஓடணுமில்ல," என்றார் அப்பா. "அவனத் திட்டக்கூட வேண்டியதில்ல. நேரா கப்பல்தான்."

அந்தக் கணக்கு முழுவதையும் அப்பா, கொக்கியிலிருந்து மாமாவின் முகத்துக்குக் கண்ணைத் திருப்பிய நேரத்துக்குள் போட்டு முடித்திருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் உண்மையைச் சொன்னேன், அடி வாங்கினேன் என்பதுதான். வாத்தியார் பலகையில் எழுதிப்போடும் எதோடும் அது பொருந்தவில்லை.

அடுத்த வீட்டில் அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் போய் நின்றேன்.

"அத்தே, நான் நெசத்தத்தானே சொன்னேன்?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்து என் பாவாடையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "ஆமாடி பாப்பா. நெசந்தான்," என்றாள். திரும்பிப் போய்ச் சாக்கின் வாயைக் கட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்ததும் மாட்டுவண்டி வந்தது. ரெங்கம் ஸ்டேஷன் வரைக்கும் அப்பா வண்டியின் பக்கத்திலேயே நடந்தார். அத்தைக்கு ஆட்டம் தெரியக்கூடாது என்று பள்ளம் வந்த இடமெல்லாம் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனாராம். புறப்படும்போது மாமா என் மோவாயைத் தூக்கிக் காயத்தைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

"அப்ப சரி," என்றார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அது தோட்டத்துச் சட்டை. திருப்பி வாங்க வேண்டுமென்று கிராணிக்குத் தோன்றுவதற்குள் வண்டி போய்விட்டது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றைக்கும் திருப்தி.

அவர்கள் போன பிறகு பங்களாவிலிருந்து சமையல்காரர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். காயம்பட்ட பிள்ளைக்குத் துரை கொடுத்தனுப்பியதாம். மூடியில் குதிரை வண்டிப் படம் போட்ட பெரிய டின். அம்மா அதை வாங்கி உத்தரத்தின் மேல் வைத்தாள். அது திறக்கப்படவே இல்லை. நான் தினமும் அண்ணாந்து பார்ப்பேன். அம்மா ஏன் மறந்துபோனாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் கேட்கவும் பயம்.

மாமா சிங்கப்பூரில் கொஞ்ச நாள் வேலை தேடினார் என்றும், கிடைக்காமல் கப்பல் ஏறினார் என்றும் பிறகு தெரிந்தது. பிள்ளை அக்கரையில் பிறந்தது. ஆண்பிள்ளை என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான், கடிதங்கள் நின்றன. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

மாமா போன மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆபீசுக்கு முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். பதினொரு பேர். நான் எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் எங்கள் தோட்டத்து ஆட்கள் இல்லை. சிலர் விடிவதற்கு முன்பே புறப்பட்டுத் தொலைவிலிருக்கும் சிம்பாங் ரெங்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள். முழங்கால் வரைக்கும் செம்மண். ஆனால் சட்டை மட்டும் வெள்ளையாகத் துவைத்து மடிப்பு கலையாமல் இருந்தது. ஆளுக்கு ஒரு காகிதத்தைக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரையின் சக்கர வீட்டைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சேதி அவ்வளவு தூரம் பரவிவிட்டது. மோவாய்க் கட்டோடு அவர்கள் முன்னால் போய் நின்று, வீடு பட்டறையில் இருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். யாரும் நகரவில்லை. கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் குனிந்து என்னிடம் கேட்டார். கன்னம் ஒட்டிப்போன மனிதர்.

"பாப்பா, பழைய டிரைவர் நெசமாவே போயிட்டாரா? திரும்பி வரமாட்டாரே?"

"போயிட்டாங்க. நேத்து ரயில்ல. அத்தையும் போயிட்டாங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கண்களை மூடி, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, "முருகா" என்று கும்பிட்டார். முன்பின் தெரியாத மனிதர், எங்கள் மாமாவுக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய், மாமாவுக்காக ஒருத்தர் சாமி கும்பிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன்.